வாழ்த்து மடலில் விழுந்த நூலக சீல்

1. இடம் தேடிய நாள்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கல்லூரி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அங்கே எனக்கு உட்கார இடமில்லை. பணி ஆணையில் 'டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் உதவியாளர்' என்று இருந்தது. வீடுகளில் கிடக்கும் பழைய கல்யாண வாழ்த்து மடல்களை ஸ்கேன் செய்து, யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், பாட்டு எழுதியது யார், எந்த அச்சகத்தில் அடித்தது என்று கணினியில் தேடும்படி தொகுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த ஆணையை அம்மா லேமினேஷன் செய்து வைத்திருக்கிறாள்.

தமிழ்த்துறைத் தலைவர் மேடம், "இது கம்ப்யூட்டர் வேலைல்லா. அங்கன போய்க் கேளும்மா" என்றார்.

கணினித்துறைத் தலைவர் சார், "கல்யாணப் பாட்டுக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

நூலகர் அண்ணாச்சிதான், "அவங்க முடிவு பண்ணுத வரைக்கும் இங்கன இரும்மா" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்.

ஆறு மாதம் கழித்து முதல்வர் கூப்பிட்டார். "உன் வேலைய நீட்டிக்கணும்னா ஃபார்ம்ல துறைன்னு ஒரு கட்டம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எந்தத் துறைன்னு எழுதி, தலைவர் கையெழுத்தோட வரணும். இல்லேன்னா இத்தோட சரி."

2. கைப்பழக்கம்

புதன்கிழமை, ஆலங்குளத்திலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி தன் அப்பா அம்மா கல்யாணத்து மடலைக் கொண்டுவந்தார். நான் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள், நூலகர் அதன் நடுவில் நூலக சீலைக் குத்திவிட்டார். சாரல் காலம். தாள் நமுத்திருந்ததால் ஊதா மை பாட்டின் மேல் பரவியது.

"எங்க அம்மாவ உங்க லைப்ரரி புஸ்தகத்தோட சேத்தாச்சோ?" என்றார் முதலாளி.

"கைப்பழக்கம் அண்ணாச்சி. உள்ள வார தாள்ல எல்லாம் குத்திருவேன்" என்றார் நூலகர்.

"நல்லவேள, என் நெத்தி தப்பிச்சுது. இந்த ஒரு மடல்தான்யா மிச்சம்."

நான் மடலைக் கையில் வாங்கினேன். அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, ஓடிப்போய் கணினி சாரைக் கூட்டிவந்தேன். அவர் திரையில் ஊதா நிறத்தை மட்டும் பிரித்து நீக்கினார். கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒரு சொல் மட்டும் தெளியவில்லை. "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார் சார். தமிழ் மேடத்தைக் கூட்டிவந்தேன்.

மேடம் ராகம் போட்டே படித்தார். "முதல் வரி மாலை, அடுத்தது சோலை, கடைசி வேலை. அப்போ மூணாவது வரியோட முதல் சொல்லும் 'லை'லதான் முடியும். பாலையா, சாலையா?"

"சாலைதான். தாத்தா கடை மெயின் ரோட்டு மேலதான இருந்துச்சு" என்றார் முதலாளி.

சார் படத்தைப் பெரிதாக்கினார். "மேல கோடு தெரியுது பாருங்க. 'பா' இல்ல, 'சா'தான்."

"பத்து வருசமா ஒரே வராண்டாவுல நடக்கோம். இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீனப் பாக்கோம்" என்று மேடம் சிரித்தார்.

சுத்தமான பிரதி ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். அசலில் சீல் அப்படியேதான் இருந்தது. நூலகர் மறுபடி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். முதலாளி கையமர்த்தினார்.

"கெடக்கட்டும்யா. எங்க அம்மா பள்ளிக்கூட வாசல மிதிக்கல. இன்னைக்கு காலேஜ் சீலே வாங்கிட்டா."



3. வெள்ளிக்கிழமை

கட்டத்துக்குள் 'நூலகம்' என்று எழுதினேன். நூலகர் கையெழுத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, மேடமும் சாரும் போட்டார்கள்; என்னோடு முதல்வர் அறைக்கும் வந்தார்கள். முதல்வர் படித்துவிட்டு, "சண்டையில்லாமயா இதுல கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

"சண்டை போட்டுக்கிட்டேதான் சார். யார் பேர் மேல வரணும்னு" என்றார் மேடம். முதல்வர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கச்சிகளே, மடலோடு வருகிறவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய வாசல் எது என்று பாருங்கள். அங்கே போய் உட்காருங்கள். துறைத் தலைவர்களுக்குக் கால் இருக்கிறது, நடந்து வருவார்கள்.