ரஃபியின் ராட்சதர்கள்

நான் நான்காவது முடித்த கோடை விடுமுறையில், காசிமேட்டில் எங்கள் சந்துப் பிள்ளைகள் ஒருவரிடமும் உருப்படியான மல்யுத்தக் கார்டு மிஞ்சவில்லை. எல்லாம் மாடி வீட்டு ரஃபியிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

எங்கள் கார்டுகள் பபுள்கம்மோடு இலவசமாக வருபவை. மெல்லிசாக இருக்கும், இரண்டு நாளில் முனை மடங்கிவிடும். ரஃபியின் அப்பாவுக்குப் பர்மா பஜாரில் கடை. அங்கிருந்து வரும் கார்டுகள் கெட்டியாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும். எந்தக் கார்டானாலும் ஒரு மல்யுத்த வீரனின் படமும், அதன்கீழே ஆங்கிலத்தில் அவனுடைய உயரம், எடை, மார்பளவு, இதுவரை போட்ட சண்டைகளின் கணக்கும் இருக்கும். ஆளுக்குப் பத்துக் கார்டோடு நான்கு பேர் வட்டமாக உட்காருவோம். முறை வந்தவர் "எடை" என்றோ "உயரம்" என்றோ சொல்வார். எல்லோரும் ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்து, ஒன்றாகத் திருப்புவோம். பெரிய எண் யாருடையதோ, நான்கு கார்டும் அவருக்கே. ஆட்டம் முடிந்தாலும் திருப்பித் தர வேண்டியதில்லை.

ரஃபியின் கையில் பத்தும் ராட்சதர்கள். ஒவ்வொருவனும் கதவில் நுழைய முடியாத உடம்போடு நம்மை முறைத்துக்கொண்டிருப்பான். நான் செல்லமாகச் சடையன் என்று பெயர் வைத்திருந்த என் நீளமுடிக்காரனை அவன் ஒரே ஆட்டத்தில் கொண்டுபோனான். தம்பி தன் முகமூடிக்காரனை இழந்த அன்று படிக்கட்டில் குப்புறப் படுத்துவிட்டான்.

அப்போதுதான் மாமா ஆட்டத்துக்கு வந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவும் அவரும் ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அது மீன்பிடித் தடைக்காலம். அப்பா விடிந்ததும் ஹார்பர் பக்கம் மூட்டை வேலை கிடைக்குமா என்று பார்க்கப் போய்விடுவார். மாமா கரையில் வலை தைத்துவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கடலில் கிடக்கும் மாமா பகலில் வீட்டில் இருக்கிறார் என்பதே எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. நாலாவது ஆள் வேண்டுமென்று பிடித்து உட்கார வைத்தோம். எங்களுக்கு ஆகாத வழுக்கை, ஒல்லி, கிழட்டு வீரர்களாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தோம்.

மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எது பெரிய நம்பரா கீதோ அத்தச் சொல்றேன். அது இன்னான்னு நீங்களே பாத்துக்குங்க."

அவர் சொன்ன எண் ஆயிரத்தைத் தாண்டியது. அது சண்டைகளின் கணக்கு. எதிரே ரஃபியின் மலையளவு மனிதன் நூறு சண்டைகூடப் போட்டிருக்கவில்லை. வழுக்கைக் கிழவன் அவனைத் தூக்கிக்கொண்டு போனான். மாமா, தான் என்ன செய்தார் என்று தெரியாமலே, பீடியைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. அதுவரை என் முறையில் நான் உயரம் சொல்வேன், தம்பி மார்பளவு சொல்வான். அவரவர் கையில் எது நன்றாக இருக்கிறதோ அதைச் சொன்னோம். அதையெல்லாம்விடப் பெரியது ரஃபியிடம் இருந்தது. ஆனால் ராட்சதர்கள் அதிகம் சண்டை போட்டதில்லை. அதனால் எங்கள் மூவரின் முறையிலும் "சண்டை" மட்டுமே சொல்ல வேண்டும், எங்களில் யாருக்குப் போனாலும் சரி. ரஃபி "எடை" என்றால் இருப்பதிலேயே மட்டமான கார்டை அவனுக்குத் தாரை வார்க்க வேண்டும்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, அப்படியானால் தான் எப்போது ஜெயிப்பது என்று கேட்டான்.

"நீ ஜெயிக்க மாட்டே. அவன் தோப்பான்."

வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவார். தவிர, அவர் பாட்டுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

விடுமுறையின் கடைசி வாரம், மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்த ஆட்டம் நடந்தது. நான் சண்டை என்றேன். தம்பி, கையில் ஒரு நல்ல உயரக்காரனை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி சண்டை என்றான். மாமா தன் பெரிய எண்ணைச் சொன்னார். ராட்சதர்கள் வரிசையாக விழுந்தார்கள். பெரும்பாலும் மாமாவின் மடியில்தான். ரஃபியின் முறை வரும்போது எடை சொல்லி எங்கள் குப்பைகளை அள்ளிக்கொண்டான். அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"மூணு பேரும் சேந்துகினு ஆட்றீங்க" என்றான்.

சேர்ந்து ஆடக்கூடாது என்று ரூல் எதுவும் இல்லை என்றேன்.  இல்லைதான் என்று ஒப்புக்கொண்டு, பாதியில் எழுந்து போகாமல் கடைசிக் கார்டு வரை வைத்துத் தோற்றான்.

மாமா மடியில் குவிந்ததைப் பிரித்தார். கெட்டிக் கார்டுகளாகத் தனியே எடுத்து அடுக்கினார். நானும் தம்பியும் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் அந்த அடுக்கை ரஃபியின் சட்டைப் பையில் திணித்தார். ஜெயித்தது உங்களுடையது என்று ரஃபி பின்னால் நகர்ந்தான்.

"வெளாட்டு முட்ஞ்சிச்சி நைனா. எட்த்துகினு போ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை யோசித்தது நான், வாரிக் கொடுப்பது இவரா? அவன் மேலே போனதும் மாமாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"அந்த வூட்டுப் புள்ள மூஞ்சி தொங்கிப் போனா, எனுக்கு சோறு எறங்குமா பாப்பா?"

கார்டுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. மாமாவுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை எங்கள் ஜன்னலில் சடையனும் முகமூடிக்காரனும் இருந்தார்கள். ரஃபி எங்களைக் கண்டு பயந்துவிட்டான் என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தத் தடைக்காலம் முழுக்க, மதியமானால் ரஃபியின் அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு மாடியிலிருந்து இறங்கி வருவார். நிறைய சோறு, தால்ச்சா, சில நாள் ஆளுக்கொரு முட்டை. மிஞ்சிப்போச்சு, கொட்ட மனசு வரலை என்பார். அம்மா தலை நிமிராமல் வாங்கிக்கொள்வார். தினமும் ஏன் மிஞ்சுகிறது என்று நான் ஒருநாள் ரஃபியின் அம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்து, அரிசி போடத் தனக்குக் கையளவே வருவதில்லை என்றார்.

இப்போது நான் மணலி புதுநகரில் இருக்கிறேன். பெருநாள் தோறும் ரஃபியின் அம்மாவுக்கு போன் செய்கிறேன். வேறு என்னென்னவோ பேசுகிறோம். அந்தப் பாத்திரத்தைப் பற்றி நானும் எடுத்ததில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த வருடம் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. மாமா கொண்டுவந்த முதல் மீனில் பெரிய வஞ்சிரம் ஒன்றை அம்மா விற்காமல் கழுவி, மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரத்தோடு தூக்குப் பாத்திரம் இறங்கி வருவது நின்றது. ரஃபியின் அம்மா ஒருவழியாக அளவு பார்த்து உலை வைக்கக் கற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.