குங்குமம் வைத்த சுவிட்ச்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கறுப்பு சுவிட்ச் கிடக்கிறது. உருண்டையாக, தள்ளினால் 'டக்'கென்று விழும் அந்தக் காலத்துச் சுவிட்ச். அதன் நெற்றியில் குங்குமக் கறை இன்னும் போகவில்லை. சுவிட்சுக்கு ஏது நெற்றி என்று கேட்பீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கேட்ட ஆள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மேட்டூர் மின்நிலையத்தில் நாலு பேர் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, மோகனூருக்கு அப்பால் ஒரு பாறைக் கரட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். கரட்டில் கம்பம் நட முடியாது என்று மின்சாரம் அந்த ஊரை எட்டிப் பார்க்கவே இல்லை. கரட்டு உச்சியில் ஒரு காற்றாடி, கீழே ஒரு சாண எரிவாயுத் தொட்டி, அந்த வாயுவும் டீசலும் கலந்து குடித்து ஓடும் எஞ்சின், நாமக்கல்லில் வாங்கிய லாரி பேட்டரிகள் ஒரு வரிசை. காற்று படுத்துக்கொண்டால் சாணி, சாணி பற்றாவிட்டால் டீசல். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். பேட்டரியில் மிஞ்சுவதை வைத்து விடியற்காலை கிணற்று மோட்டாரை ஓட்ட வேண்டும். காற்றுக்காலம் முடிவதற்குள் இது ஒழுங்காக ஓடாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. பேட்டரிக் கொட்டகையிலேயே எனக்கும் ஒரு கட்டில். பேச்சுத்துணைக்கு எஞ்சின்தான். அது நின்ற பிறகு அதுவும் இல்லை.

வந்தது வினை. ஊரே விளக்கை எரியவிட்டுத் தூங்கியது. விடிந்தால் பேட்டரி காலி, மோட்டார் முனகக்கூட இல்லை. பெண்கள் பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கிணற்றடியில் எல்லாரையும் கூட்டி, "எட்டரைக்கு மேல வெளக்க அணைச்சுத் தொலைங்க!" என்று கத்தினேன். பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கும் ஒரு பல்புகூட அணையவில்லை.

மறுநாள் கடைசி வீட்டு அக்கா சாணிக் கூடையோடு வந்தார். கூடையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க சாமி, ஊட்டு வெளக்க அணைங்கன்னா எந்தப் பொம்பள அதுல கை வெப்பா? குளிர வைங்கன்னு சொல்லிப் பாருங்க."

அணைப்பது என்பது அமங்கலச் சொல் என்று எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் பல்பும் வீட்டு விளக்குதான் என்பது இந்தப் படித்த மண்டையில் ஏறினால்தானே! அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், "வெளக்கக் குளிர வைங்கம்மா" என்றேன். ஒரு பூவைச் சுவிட்சில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளினார்கள். பிறகு குங்குமமும் வந்தது. விடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் கொட்டிய சத்தம் இருக்கிறதே, ஐயோ, அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அக்கா மட்டும் தன் விளக்கைக் குளிர வைக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவர். போய் இரண்டு ஆடி கழிந்திருந்தது. "கரட்டத் தாண்டி வாரப்ப ஊடு இருட்டாக் கெடந்தா ஆளில்லைன்னு திரும்பிருவாருங்க. என்ற எருமைச் சாணி இன்னொரு கூடை சேத்துப் போடறேன், என்ற வெளக்கு எரியட்டுமுங்க" என்றார். சொன்னபடி போட்டார். ஊர் அடங்கிய பிறகு இரண்டே வெளிச்சம் மிஞ்சும், அந்தக் கடைசி வீட்டிலும் என் கொட்டகையிலும். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் கட்டிலில் படுத்தபடி அந்த வெளிச்சத்தைப் பார்ப்பேன். தனியாக இல்லை என்று ஒரு தெம்பு வரும்.

காற்றுக்காலம் முடிந்தது. மேலிடத்தார் வந்து பார்த்து, எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே அதே ரிக்கில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வந்தார். அக்கா வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, அக்காவின் வீட்டுக்காரர் வடக்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டார், பிள்ளையும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அக்கா கொட்டகைக்கு வந்தார். அழுத முகமாக இல்லை. "சாமி, எங்கூட்டு வெளக்கையும் குளிர வெச்சரலாமுங்க. எனக்குக் கை வர மாட்டேங்குதுங்க. நீங்க வந்து வெச்சுருங்க."

போனேன். சுவிட்சில் குங்குமமும் ஒரு செவ்வரளிப் பூவும் ஏற்கெனவே இருந்தன. தள்ளினேன். இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது: "பாத்துப் போங்க சாமி, வழியில கல்லு கெடக்குது." அன்றிலிருந்து ஊர் அடங்கினால் என் வெளிச்சம் ஒன்றுதான். மறுநாள் காலையில் வழக்கம்போல இரண்டு கூடைச் சாணி வந்தது. இனி ஒன்று போதுமே அக்கா என்றேன். "மிஷினு பட்டினி கெடக்குமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு கரட்டைச் சுற்றிக்கொண்டு மின்கம்பங்கள் வந்தன. பழைய சுவிட்சுகளைக் கழற்றிக் குவித்தபோது கடைசி வீட்டுடையதை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறேன். அறைக்கு நாலு விளக்கு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் தொலைவிலிருந்து போனில் திட்டுகிறாள்: "யாருக்குப்பா வாசல் லைட்டை விடிய விடிய எரிய விடறீங்க? ஆஃப் பண்ணிட்டுப் படுங்க." சரிம்மா என்கிறேன். எழுந்து போய்ச் சுவிட்சுக்கு முன்னால் நிற்கிறேன். எனக்கும் கை வர மாட்டேன் என்கிறது, அக்கா. கூப்பிட்டால் வந்து குளிர வைக்க இங்கே பக்கத்துக் கொட்டகையில் யாரும் இல்லை.