தம்பி காட்டிய கை

தையல்காரியின் தம்பி உலகக்கோப்பை கால்பந்து அணியில் மாற்று கோல்கீப்பர். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே ஆட்டம் தவறாமல் டிவி முன்னால் தவம் கிடந்தாள் அக்காள். கடைசி ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, "உன் தம்பி இன்னைக்கும் பெஞ்சைத்தான் தேய்க்கிறான்" என்று புருஷன் கேலி பண்ண, வெடுக்கென்று டிவியை அணைத்துவிட்டாள். அந்த நாலு நிமிஷத்தில்தான் தம்பி இறங்கினான். தெருவே கத்துவது கேட்டு அவள் டிவியைப் போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, பந்தைப் பிடிச்சதும் கேமராவைப் பார்த்து உனக்குக் கை காட்டினேனே, பார்த்தியா?"

"பார்க்காம இருப்பேனாடா?"

"எந்தக் கை, சொல்லு?"

"வலது கை."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவன் சின்ன வயசிலிருந்தே இடதுகைக்காரன்.

"ஆமாக்கா" என்று பெட்டியைக் கீழே வைத்தான். அப்புறம் அந்த ஆட்டத்தைப் பற்றி அவளிடம் அவன் பேசவே இல்லை. 'பார்க்கலடா' என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று இருபது வருஷமாக அவளுக்கு மனசு ஆறவில்லை.