அண்ணியின் டபுள் பேஸும் தனியே எடுத்து வைத்த பணமும்

டாக்டரின் அறையில் அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து நின்று, வலது கையைத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்த்திக் காட்டியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, வாளி சுமக்கக் கூடாது, கொசு கடித்தால்கூடக் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். டபுள் பேஸ் வாசிக்கலாமா என்று அண்ணி நடுவில் கேட்டார். அது எவ்வளவு பெரியது என்று டாக்டர் கேட்டதற்குத்தான் எழுந்து நின்று அளவு காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அண்ணியின் இடது முன்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி மெதுவாகத்தான் நிரம்பியது. அழுத்தம் அதிகம் கொடுக்காமல் வாசிக்க முடிந்தால் கொஞ்ச நேரம் வாசிக்கலாம், வீக்கத்தை அடக்க மாட்டும் இறுக்கமான கையுறையைப் போட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும், வீங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். அண்ணிக்கு அதில் 'வாசிக்கலாம்' என்பது மட்டும் கேட்டது. எனக்கு 'வீங்கினால்' மட்டும்.

அண்ணி சாந்தோம்காரர். பள்ளி நாட்களிலேயே நல்ல உயரம் என்பதால், சர்ச் பாடகர் குழுவில் யாரும் தொடாமல் சும்மா நின்ற டபுள் பேஸை அவர் பக்கம் தள்ளிவிட்டார்களாம். வயலினின் சாடையில் ஆளுயரத்துக்கு நிற்கும் வாத்தியம் அது. நின்றபடி அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பின்னால் அவர் சொந்தமாகவே பழையது ஒன்றை வாங்கிக்கொண்டார். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பீரோவும் அந்த வாத்தியமும் கூடவே வந்தன. பீரோவை மாடிக்கு ஏற்றுவதற்கு அண்ணன் பட்ட பாட்டைவிட அதை ஏற்றப் பட்ட பாடுதான் அதிகம். ரெக்கார்டிங், ஓட்டல் கச்சேரி, சர்ச் ஆராதனை என்று மாதத்தில் பாதி நாள் அது அண்ணியோடு வெளியே போய்வரும். நான் தரமணியில் வேலை முடித்து வரும் நேரத்தில் ஹாலில் அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தால், செருப்பைக் கழற்றும்போதே தரையில் அந்த அதிர்வு தெரியும். நாற்பது தாண்டிய என்னை இன்றைக்கும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

டாக்டரைப் பார்த்து வந்த மறுநாளே அண்ணி வாத்தியத்தின் உறையைப் பிரித்தார். ஹாலின் மூலையில் எட்டு மாதம் நின்றதில், அதுவும் நடுவில் ஒரு மழைக்காலம் போனதில், மரம் ஊறி மேல் பலகை உப்பியிருந்தது. பலகை உப்பினால் அதன் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற கட்டையும் உயரும், கம்பிகளும் விரலிலிருந்து தள்ளிப்போய்விடும். முன்பும் அப்படித்தான் ஆகும், ஆனால் அண்ணியின் கைக்கு அது பெரிதாகத் தெரியாது. அன்றைக்குத் தடித்த கம்பியை அமுக்க அவருக்கு இடது கையின் முழுப் பலமும் தேவைப்பட்டது. பத்து நிமிடம்கூட வாசித்திருக்க மாட்டார். மாலைக்குள் விரல்கள் பருத்து, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று. அண்ணன் தலையணையை அடுக்கி அந்தக் கையைத் தூக்கி வைத்தார்.

அப்போதுதான் அண்ணி செட்டப் செய்துவிடலாம் என்றார். வாத்தியத்தைக் கைக்கு ஏற்றபடி சரிசெய்வதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அந்த வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கும் அர்த்தமே வேறு, அதனால் வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்போம். தி.நகரில் ஒரு மாடியறையில் பாய் ஒருவர் இந்த வேலையை முறையாகச் செய்துவந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வாட்ஸப்பில் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மதிப்பீடு அனுப்பினார். புதிய பிரிட்ஜ், விரல் பலகையை இழைப்பது, உள்ளே நிற்கும் சிறு தூணைச் சரிப்படுத்துவது, இழுவை குறைந்த கம்பிகள். கம்பிகள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். எல்லாம் சேர்த்து அண்ணனின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது.

பணம் இல்லாமல் இல்லை. அண்ணனும் நானும் சேர்ந்து வங்கியில் ஒரு தொகையைத் தனியே போட்டு வைத்திருந்தோம். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்சூரன்ஸ் தராத ஊசி ஒன்று இருக்கிறது, நோய் திரும்பினால் வேண்டியிருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். அன்றிரவு சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, இப்போதைக்கு வேண்டாமே என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அண்ணனுக்குக் காசு மட்டும் கவலை இல்லை. வாத்தியம் சரியானால் அண்ணி வாசிப்பார், வாசித்தால் கை கெடும், கை கெட்டால் வேறு ஏதாவது வரும் என்று அவர் பயம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியத்தை விற்றுவிட முடியுமா என்று ஒரு மியூசிக் ஸ்கூலில் விசாரித்தும் வைத்திருந்தார்.

மறுநாள் காலை நான் துணி உலர்த்தும்போது அண்ணி பால்கனிக்கு வந்தார். ஒரு கையால் கிளிப்புகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"அது மறுபடி வரும்னு நெனச்சு எடுத்து வெச்ச பணம், பாப்பா. தினமும் அது பேங்க்ல இருக்குன்னு எனக்குத் தெரியும். வராதுன்னு நெனச்சு ஒரே ஒரு தடவ செலவு பண்ணிப் பாக்கலாமே."

அந்த வாரமே டெம்போ பேசினேன். அண்ணன் தடுக்கவில்லை, ஆனால் உதவிக்கும் வரவில்லை. வாத்தியத்தை இரண்டு போர்வையில் சுற்றிப் படுக்கவைத்துக் கயிறு கட்டிய டிரைவர், ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "படுக்க வெச்சா ஆளு மாரியே கீதுக்கா" என்றான். "உசுரோடதாம்பா இருக்கு, பாத்து ஓட்டு" என்றார் அண்ணி. பாண்டி பஜார் நெரிசலில் ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அண்ணி ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பிறகு ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு போன்கள் வந்தன. முதலாவது அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து. வழக்கமான ஸ்கேனில் சிறியதாக ஒரு புள்ளி தெரிகிறது, இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். இரண்டாவது பாயிடமிருந்து. "மேல் பலகையில ஒரு விரிசல் இருக்கு மேடம். இப்படியே கம்பி கட்டினா ஒருநாள் இல்ல ஒருநாள் உள்ள எறங்கிடும். ஒட்டணும்னா பலகையத் தொறக்கணும், அதுக்குத் தனியா ஆகும். வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க." கூடுதல் தொகை, முதலில் சொன்னதில் பாதி.

அந்த நாட்களில் அலுவலகத்தில் போன் அதிர்ந்தால் எடுக்கப் பயந்தேன். எடுக்காமல் விட்டதற்கும் பயந்தேன். புள்ளிக்குப் பதில் வருவதற்குள் விரிசலுக்கு எப்படிப் பதில் சொல்வது? பாயைக் காத்திருக்கச் சொல்லலாம் என்று அண்ணியே சொன்னார். அதுவரை எதையும் தள்ளிப்போடலாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னது எனக்கு ஸ்கேனைவிடக் கலக்கத்தைக் கொடுத்தது.

சனிக்கிழமை அண்ணன் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போனார். மதியத்துக்கு மேல் வந்தவர் உள்ளே வராமல் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"வேலைய நிறுத்துங்க, இருக்கறபடியே குடுத்துடுங்கன்னு பாய்கிட்ட சொல்லத்தான் போனேன். கம்பியெல்லாம் கழட்டி, மல்லாக்கப் படுக்க வெச்சிருந்தாங்க. அவர் லைட் அடிச்சு உள்ள பாத்துக்கிட்டிருந்தார். அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. ஒட்டிடுங்கன்னு சொல்லிட்டுப் பணத்தையும் கட்டிட்டேன்."

பணம் கட்டிய ரசீதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அது பழைய தழும்புதான், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். நான் அந்த ஆறு மாதம் எப்போது முடியும் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

வாத்தியம் வீடு வந்த அன்று அண்ணி நெடுநேரம் அதைப் பார்த்தபடியே நின்றார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தடித்த கம்பியை அமுக்கினார். விரல் லேசாக இறங்கியது, தரையில் அதிர்வு வந்தது. கால்மணி நேரம் வாசித்துவிட்டுத் தானாகவே நிறுத்தினார். அன்று மாலை மூவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் இருந்தது, ஆனால் காலையில் இருந்த அளவுதான்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெரிய ரெக்கார்டிங்குகளுக்கு அதன் பிறகு அவர் போகவில்லை. சர்ச்சிலும், அடையாற்றில் சிநேகிதர்கள் நடத்தும் ஒரு சிறு குழுவிலும் வாசிக்கிறார். சில நாள் கை ஒத்துழைக்காது, உறையைப் பிரிக்காமலே விட்டுவிடுவார். அன்றைய பயமும் என்னை விட்டுப் போகவில்லை. உள்ளறையில் இருக்கும்போது பாட்டின் நடுவில் ஒலி நின்றால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். மறுபடி தொடங்கினால்தான் மூச்சு வரும்.

நேற்று மாலையும் அப்படி நின்றது. தொடங்கவில்லை. நான் ஹாலுக்கு ஓடினேன். அண்ணி வாத்தியத்தைப் பிடித்தபடி நிற்க, அண்ணன் குனிந்து கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி மாற்றும் காலம் வந்துவிட்டதாம், பாயிடம் அண்ணன் விலைகூட விசாரித்துவிட்டாராம். இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார் அண்ணி. தாங்காது, பேங்கில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன்.

"அது வேற எதுக்கோ வெச்ச பணமாச்சே" என்றார் அண்ணி.

அண்ணன் நிமிராமலே, "இதுக்குத்தான் வெச்சது" என்றார்.

வரும் வியாழக்கிழமை மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும். விட்ட இடத்திலிருந்து அண்ணி மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். அடுப்பில் பால் இருந்தது. நான் போகாமல் கதவோரமாகவே நின்று பாட்டு முடியும்வரை கேட்டேன்.