இருநூற்றுப் பதினேழாம் கதையின் கடைசிப் பக்கம்

குழந்தைகளுக்குக் கதை எழுதுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது கத்தரியம்மாவின் நெடுநாள் ஆசை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபத்து மூன்று வருடமாக அந்தப் பதிப்பகத்தில் குழந்தைப் புத்தகங்களுக்கு எடிட்டர். எந்தக் கதை வந்தாலும் எதை வெட்டலாம் என்றுதான் முதலில் பார்ப்பாள் என்று அலுவலகத்தில் எவனோ வைத்த பெயர் இது. வைத்தவன் வேலையை விட்டே போய்விட்டான், பெயர் போகவில்லை. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மாடியில் கடைசி அறை அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம், திறக்காவிட்டால் புழுக்கம். சுவரோரம் மாதத்துக்கு எண்பது தொண்ணூறு கதைக் கட்டுகள் வந்து குவியும். வருவதில் பாதி அணில். அணில் பொய் சொல்லும், அம்மா அணில் திருத்தும், கடைசியில் எல்லா அணிலும் கைதட்டும். மீதியில் பாதி, பல் தேய்க்காத பையன். கூடவே ஒரு கடிதம் இருக்கும்: “என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்தது.” பிடிக்காமல் என்ன செய்யும்? சோறு போடுகிறவரே படித்துக் காட்டினால், நன்றாக இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மைத்துனனை விட்டுப் படமும் வரைந்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கதையில் நிஜமாகவே ஒரு பிள்ளை இருக்க வேண்டும். அதற்கு ஒரு சங்கடம் வர வேண்டும். தட்டுத்தடுமாறி அது தானாகவே வெளியே வர வேண்டும். நடுவில் பெரியவர் யாராவது புகுந்து தலையைத் தடவி விளக்கம் சொன்னால் போச்சு, கட்டு வந்த வழியே திரும்பிப் போகும். எல்லாக் கதையையும் எழுந்து நின்று, சத்தமாகத்தான் படிப்பாள். எந்த வரியில் தன் குரல் டீச்சர் குரலாக மாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் நான்காம் பக்கத்தைப் புரட்டக்கூட மாட்டாள். ஈவிரக்கமே கிடையாது.

இன்னொரு கறாரும் உண்டு. முதலாளியின் சகலை வருடத்துக்கு ஒரு கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தொல்லை தாங்காமல் அவளே கொண்டுவந்த ஏற்பாடு அது. கட்டு வந்ததும், பெயர் போட்ட முதல் தாளை வரவேற்பறைப் பெண் உருவி உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். கதைக்கு வெறும் நம்பர். படித்து, அபிப்பிராயம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழே கொடுத்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அந்த அபிப்பிராயம் ஓர் எழுத்து மாறாமல் எழுதியவருக்குப் போகும். எழுதியது எழுதியதுதான். வரவேற்பறைச் சுவரில் இதைத் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

வெளியே இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருக்கிறவளுக்கு, வீட்டு விஷயம் ஒன்று மட்டும் பன்னிரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டில் ஒரு நாள் விருந்து. அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயது. எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எழுதி, படம் போட்டு, ஊசி நூலால் முதுகைத் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருந்தாள். அத்தை புத்தகம் போடுகிறவள் ஆயிற்றே என்று ஆசை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கூடத்தில் வரி வரியாகச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு தப்பாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். சபை சிரித்தது. சிரிக்கச் சிரிக்க இவளுக்குக் குஷி ஏறியது. பிள்ளை கடைசிவரை பக்கத்திலேயே நின்றது. முடிந்ததும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டது. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

“சின்னப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சாரி சொல்லிடேன். உன் கிரீடம் ஒண்ணும் கீழ விழுந்துடாது” என்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

“தப்பைத் தப்புன்னு சொன்னதுக்கு சாரி வேறயா?” என்று கேட்டவள், பிறகு அப்படிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கல்யாணம் காட்சி என்று எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் தனியாக இருந்துவிட்டவள். தோளில் போட்டுத் தூங்க வைத்த ஒரே பிள்ளை அதுதான். அது திரும்ப முகம் கொடுத்துப் பேசினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஏங்கினாள். ஆனால் சாரி என்கிற சொல் மட்டும் தொண்டைக்கு மேலே ஏறுவேனா என்றது. வீம்பு. வேறென்ன?

இந்த லட்சணத்தில்தான் இருநூற்றுப் பதினேழாம் நம்பர் வந்து சேர்ந்தது. ஒரு சிறுமி. அவளுடைய பெரியம்மா தையல்காரி, ஊரே மெச்சும் கைக்காரி. பொம்மைக்கு ஒரு கவுன் தைத்து, பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள் சிறுமி. கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அதை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் போட்டுச் சிரிக்கிறாள் பெரியம்மா. சிறுமி அழவில்லை. தரையில் கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றிக்கொண்டு போகிறாள். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து மறுபடியும் தைக்கிறாள். கோணலாக வருகிறது, பிரிக்கிறாள், தைக்கிறாள். பை, கூடாரம், பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை என்று கதை போகிறது. கடைசிப் பக்கத்தில் பெரியம்மா புது ஊசிப்பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அவளுக்கு விளங்கவில்லை! ஊரில் இருக்கிற குற்றமெல்லாம் கண்ணாடி போடாமலே தெரிகிறவளுக்கு இது தெரியவில்லை. எழுந்து நின்று ஒரே மூச்சில் படித்தாள். குரல் எங்கேயும் இடறவில்லை, கடைசிப் பக்கத்தைத் தவிர. உட்கார்ந்து சந்தோஷமாக எழுதினாள்:

“எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளை யாரிடமும் நியாயம் கேட்டு நிற்கவில்லை, தானே தைக்கிறது. பெரியம்மா அசல். இந்த மாதிரிப் பொம்பளையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடைசிப் பக்கம் சுத்தப் பொய். இவள் உயிரே போனாலும் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. பெரியவர்கள் மனம் குளிர்வதற்காக எழுதிய பக்கம். வெட்டவும்.”

கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில், பிரித்த உறையிலிருந்த முதல் தாள் கோப்புக்காக அவள் மேசைக்கு வந்தது. பெயருக்கு முன்னால் அண்ணனின் முதலெழுத்து. கீழே அண்ணன் வீட்டு முகவரி.

கட்டை எடுத்து மறுபடி புரட்டினாள். தையலைப் பிரித்துக்கொண்டே பெரியம்மா சுற்றிலும் திரும்பிப் பார்ப்பாள், யார் யார் சிரிக்கிறார்கள் என்று. அந்த இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. கட்டை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

“அந்த இருநூத்திப் பதினேழு ரிப்போர்ட்டைக் குடும்மா. ஒரு வரி மாத்தணும்.”

வரவேற்பறைப் பெண் சுவரைக் காட்டினாள். “மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் ஒட்டியிருக்கீங்க? முதலாளியோட சகலை வந்து கெஞ்சினப்பக்கூடக் குடுக்கலையே. அதுவுமில்லாம, கூரியர்காரர் இப்பத்தான் எடுத்துட்டுப் போனாரு.”

பத்து நாள் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அண்ணன் மகள் வந்தாள். இருபத்திரண்டு வயது. முகம் அண்ணன் ஜாடை, முறைப்பு மட்டும் அத்தை ஜாடை. கூட்ட அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வந்த தேநீரை இருவருமே தொடவில்லை.

“ரிப்போர்ட் வந்துச்சு மேடம். கடைசிப் பக்கத்தை எடுத்துட்டேன்.”

அந்த ‘மேடம்’ முகத்தில் அடித்தாற்போல் விழுந்தது. “நீன்னு தெரியாம எழுதிட்டேன்.”

“தெரியாம எழுதினதாலதான் நம்பினேன். நம்பர் போட்டுப் படிக்கிற ஒரே இடம் இதுதான், அதான் இங்க அனுப்பினேன். பேரைப் பாத்திருந்தீங்கன்னா ஒண்ணு பாவம்னு எடுத்திருப்பீங்க, இல்ல பயந்துக்கிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பீங்க.”

“அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டுடு.”

“ஏன்?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“சுத்தப் பொய்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்தோட.”

கத்தரியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று வருடம் அடுத்தவர்களின் வாக்கியத்தைத் திருத்தியவளுக்கு, தன்னுடைய ஒரு வாக்கியம் கோர்வையாக வரவில்லை.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. பிழை திருத்தினேன்னு இத்தனை நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். அதெல்லாம் இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க... எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நீ பக்கத்துலயே நிக்கிறது தெரிஞ்சுது. தெரிஞ்சும் நிறுத்தல. மன்னிச்சிடும்மா.”

சொல்லி முடிப்பதற்குள் வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. அண்ணன் மகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்ததும் புறங்கையால் கோபமாகத் துடைத்துக்கொண்டாள்.

“பன்னெண்டு வருஷம். காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் நீங்களா இருக்குமோன்னு ஓடிப் போய்ப் பாத்திருக்கேன், தெரியுமா? அப்பா சொல்லி, அம்மா சொல்லின்னு இல்லாம, நீங்களா வரணும்னு. ஒரு தடவை? ரெண்டு தடவை? வாசல்லயே உக்காந்திருப்பேன். ஒரு வரி எழுதினதில்ல அந்த நாளெல்லாம்.”

“தப்புதான்.”

“சரி. சொல்லிட்டீங்க. எனக்கு வேண்டியிருந்துச்சு, இல்லன்னு சொல்லல.”

“அப்ப அந்தப் பக்கம்?”

“வராது.”

“அதான் இப்ப நிஜமாயிடுச்சேம்மா!”

“எனக்கு நிஜமாச்சு. இதைப் படிக்கப் போற பிள்ளைங்களுக்கு? அவங்க வீட்டுப் பெரியம்மா யாரும் வரப்போறதில்ல. வருவாங்கன்னு எழுதி வெச்சா, அதுங்களும் என்னை மாதிரி வாசல்ல காத்துக்கிட்டு உக்காந்திருக்கும். தைக்காது.”

எதிரே இருப்பது எந்த எழுத்தாளராக இருந்தாலும் கத்தரியம்மாவே இதைத்தான் சொல்லியிருப்பாள். ஒப்பந்தத்தை நகர்த்தி வைத்தாள். அண்ணன் மகள் படித்துப் பார்த்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“வேற எடிட்டர் வேணும்னா சொல்லு. பக்கத்து ரூம்காரர்கிட்ட குடுத்துடறேன்.”

“அவர் பெரியம்மாவை அணிலாக்கிடுவாருன்னு கேள்விப்பட்டேன். நீங்களே பாருங்க.” சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

புத்தகம் வந்தது. கத்தரியம்மா அதில் ஓர் இடத்தில்கூடப் பெரியம்மாவுக்குப் பரிந்து பேனா பிடிக்கவில்லை. ஓவியர் பெரியம்மாவைக் கொஞ்சம் சாந்தமாகப் போட்டு அனுப்பியபோது, “இந்த முகம் செல்லாது” என்று திருப்பி அனுப்பியவளே அவள்தான். அண்ணன் மகள் இப்போதெல்லாம் எப்போதாவது வீட்டுக்கு வருகிறாள். மேடம் என்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட நூலகர் மூன்று பிரதிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து சண்டைக்கு நின்றார். தாள் மட்டமாம், சீக்கிரமே கிழிந்துவிட்டதாம், மாற்றித் தர வேண்டுமாம். கத்தரியம்மா புரட்டிப் பார்த்தாள். தாளில் ஒரு குறையும் இல்லை. மூன்றிலும் பெரியம்மாவின் முகத்தைத்தான் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். ஒன்றில் அழுத்திய அழுத்தில் கண் இருந்த இடம் ஓட்டையாகியிருந்தது. அதன் கீழே கோணல் மாணலாக, பென்சிலில் ஒரு வரி: ‘இவ கடைசி வரைக்கும் சாரியே கேக்கல.’

கேட்டாள் என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அது அவளுக்குத் தெரியும்.

“பிள்ளைங்களைக் கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும் மேடம்” என்றார் நூலகர்.

“வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க.”

புதுப் பிரதி மூன்று எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். பழையதில் இரண்டைக் கழிவுத்தாள் பெட்டியில் போட்டாள். பென்சிலில் எழுதியிருந்ததைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.