இனி இவருக்குப் பதில் இவர்

காப்பி எடுக்கச் சமையலறைக்குள் போனவள் திரும்பி வரும்போது வேறு முகத்தோடு வந்தாள். டிவி திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: இனி இவருக்குப் பதில் இவர். அவ்வளவுதான் மரியாதை. மூன்று வருஷமாக அந்த வீட்டுக்காக அழுது, அடிபட்டு, செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்கும் போய்வந்த மூத்த மருமகளை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நாடகத்துக்குள் ஒருவருக்கும் திடுக்கிடல்கூட இல்லை. மாமியார் காப்பியை வாங்கிக் குடித்தாள். புருஷன், சர்க்கரை கம்மி என்றான். நான் ரிமோட்டை எறிந்தேன். மூடி கழன்று பாட்டரி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது.

"ஒரு சவத்து நாடகத்துக்குப் போயி இப்பிடியா கெடந்து சாடுவ?" என்றாள் அம்மா.

வெறும் நாடகம் என்றால் நான் ஏன் எறியப்போகிறேன்? அந்த மூத்த மருமகள் எனக்கும் அக்காவுக்கும் பொதுவானவள்.

அக்காவைத் திருவட்டாறில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் சுசீந்திரத்தில் அம்மாவோடு இருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஏழரை மணிக்கு நாடகம் தொடங்கினால், முதல் விளம்பரம் வருவதற்குள் போனில் அக்கா பேசிப் பதிந்து அனுப்பிய குரல் வந்துவிடும். "ஏட்டி, பாத்தியா அந்த எரப்பாளிய? கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்கான். இவ்வளவு பெரிய உருப்படி நிக்கது உள்ள இருக்க ஒருத்திக்கும் தெரியல்லியா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" அவளுக்கு வில்லன் மேல் கோபம். எனக்கு அந்தப் புருஷன் மேல். அவன் அம்மா எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். வில்லனாவது உழைத்துக் கெடுதல் செய்கிறான், இவன் சும்மா நின்றே செய்கிறான் என்று நான் பதில் அனுப்புவேன்.

மூத்த மருமகள் வாயைத் திறப்பதற்கு முன் மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். இழுத்துவிட்டால் அன்றைக்கு ஒருவன் தொலைந்தான். அக்காவும் அதைப் பழகிக்கொண்டாள். அத்தான் சொன்ன நேரத்துக்கு வராத நாட்களில் வாசலில் நின்று இழுப்பாளாம். ஏழு வயது மகள், "அம்மை மூச்சு இழுத்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிவாளாம்.

ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எனக்கு அனுப்பிய கடைசிக் குரலும் நாடகத்தைப் பற்றியதுதான். "நாளைக்கு அவ கதவத் தொறந்தா நிக்கப்போறது மாமனாருதான், வேணும்னா பாரு." மாமனார் நிற்கவில்லை, போலீஸ் நின்றது. நீ தோத்துட்ட என்று சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போனார்கள். நான் மறுநாளிலிருந்து மறுபடியும் ஏழரை மணிக்கு உட்கார்ந்தேன். அக்கா விட்ட இடத்திலிருந்து யாராவது பார்க்க வேண்டாமா?

அப்படி மூன்று மாசம் பார்த்து வந்தபோதுதான் அந்தக் காப்பிக் காட்சி வந்தது. அன்றைக்கே போனில் அந்த நாடகத்தின் துண்டு வீடியோவுக்குக் கீழே போய், பழைய ஆளைக் கொண்டு வாங்க என்று எழுதினேன். யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார்: கதைதான் முக்கியம், ஆள் யாரா இருந்தா என்ன? அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டுகிற படங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆள் யாராக இருந்தால் என்னவா? எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டான்.

அந்த வாரமே, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பெரியம்மா வந்தாள். அம்மாவின் மூத்தவள். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் தொடங்கிவைப்பது அவள்தான்.

"மருமகனுக்கும் வயசிருக்கு. வெளிய இருந்து ஒருத்தி வந்தா பிள்ளைய நல்லாப் பாப்பாளா? இவளுக்கும் முப்பது ஆகப்போவு. இவளுக்கு அந்த வீடும் தெரியும், ஆளும் தெரியும்."

அம்மா அழுதாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியம்மா என் தோளை அளப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பட்டுச்சேலை எல்லாம் அலமாரியில அப்பிடியே இருக்கு. பிளவுஸ மட்டும் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சாப் போரும்."

அக்கா என்னைவிடத் தடித்தவள். பிடித்துத் தைத்தால் நான் அக்கா ஆகிவிடுவேன். அடியில் ஒரு வரி ஓட விடுவது மட்டும்தான் பாக்கி.

அத்தானுக்கே போன் போட்டேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாருமாச் சேந்து முடிவெடுத்தாச் சரிதான்."

நாடகத்துப் புருஷன்கூட இதைவிட நல்ல வசனம் பேசுவான். அத்தான் கெட்டவர் இல்லை. அக்காவுக்காகத் தேம்பித் தேம்பி அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சும்மா நின்றே கெடுதல் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒருநாளும் தீராது.

மறுநாளிலிருந்து அம்மா தினமும் கேட்டாள். நான் தினமும் கதவைச் சாத்தினேன். ஏழரைக்கு மட்டும் திறப்பேன். புது ஆளைத் திட்டுவதற்காகவே பார்த்தேன். அதே சேலை, அதே தாலிச்செயின், அதே அறை. மூச்சு மட்டும் அவளுக்கு இழுக்கத் தெரியவில்லை. சளி பிடித்தவள் மாதிரி இழுத்தாள்.

இரண்டு வாரம் இருக்கும். வில்லன் அவள் மகனைக் கடத்திக்கொண்டு போகிறான். "ஏ, பின்னால பாருட்டி!" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது, நான் புதியவளுக்காகக் கத்தியிருக்கிறேன். முகம் மாறியதே மறந்துபோயிருந்தது. வெறும் பதினைந்து நாளில்! அந்த வாரம் எனக்கு வந்த கோபத்திலெல்லாம் பெரிய கோபம் என் மேல்தான் வந்தது. கூடவே பயமும் வந்தது. நானே பழகிவிட்டேன் என்றால் யார்தான் பழகமாட்டார்கள்? அக்காவின் சேலையில் நான் காப்பி கொண்டுவந்து வைத்தால் அத்தான் குடிப்பார். அம்மா குடிப்பாள். கொஞ்ச நாளில் எனக்கே அது என் வீடாகத் தோன்றும். பிறகு அக்கா எங்கே இருப்பாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கத் திருவட்டாறுக்குக் கூட்டிப் போனார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. பெரியவர்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அக்கா மகள் உள்ளே டிவி முன்னால் இருந்தாள். வாரம் முழுக்க வந்த நாடகத்தை மொத்தமாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, பழைய ஆளு எங்க போனா?"

"தெரியல்ல மக்கா."

"அந்த வீட்டுல யாரும் அவளத் தேடல்லியா?"

"தேடல்ல."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீ இங்க வந்தா நான் உன்ன அம்மைன்னு விளிக்கணுமாம். அப்போ எங்க அம்மைய என்னன்னு விளிக்க?"

எனக்கு அழுகை வரவில்லை. மூக்கால் மூச்சு வந்தது. நீளமாக. நான் பழகிக்கொண்டதில்லை, தானாக வந்தது. பிள்ளை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

எழுந்து முன்னறைக்குப் போனேன். "எனக்குச் சம்மதம் இல்ல," என்றேன். "பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் செய்வேன். லீவுக்குக் கூட்டிட்டுப் போவேன், பள்ளிக்கூடத்துக்கு வருவேன், காய்ச்சல்னா வந்து நிப்பேன். சித்தியாத்தான் வருவேன். அக்கா இடத்துல என்னக் கொண்டு வைக்காதீங்க."

பெரியம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "திமிரு. பிள்ளைய நினைச்சுப் பாத்தியா?"

"நீங்கதான் அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல."

அத்தான் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

இப்போதும் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அத்தானுக்கு வெளியில் பெண் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வருகிறவள் தன் முகத்தோடு வரட்டும். அவளுக்கென்று புதுச்சேலை வாங்கிக் கொடுங்கள், அக்காவுடையதைக் கொடுத்தால் நானே வந்து பிடுங்குவேன் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். "சரி" என்றார். இந்தத் தடவை முடிவெடுக்க ஊரைக் கூட்டவில்லை.

நேற்று ஏழரை மணிக்கு என் போனில் அத்தான் நம்பரிலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா மகள்.

"சித்தி, பாத்தியா? இவளுக்கு இன்னும் மூச்சு இழுக்கத் தெரியல்ல. அம்மை இருந்தா ஏசியிருப்பா."

"ஆமா மக்கா," என்று அனுப்பினேன். "நல்லா ஏசியிருப்பா."