இருபத்தேழு கைகளும் ஃபுளோரிடாவும்

உலகப்படத்தைக் கையில் கொடுத்தால் இன்றைக்கும் எனக்கு ஃபுளோரிடாவைத் தொட்டுக் காட்டத் தெரியாது. அமெரிக்காவின் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் என்று என் மகள் போனில் காட்டினாள். பார்த்தேன், மறந்துவிட்டேன். ஆனால் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு அந்த மாநிலம்தான் காரணம் என்று சொன்னால் அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இதை எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.

அப்போது பர்மாவின் யாங்கோனில், தாமுவே சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கப்பல்காரர் சார்பில் ஒருவரும் கரைக்காரர் சார்பில் ஒருவரும் எதிரெதிரே நின்று எண்ணுவார்கள். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கில் ஒரு மூட்டை இடித்தாலும் அடுக்கைக் கலைத்து மறுபடி எண்ண வேண்டும். யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள் என்ற பேச்சே அதில் கிடையாது. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று மாமா நம்பினார். அவர் பேச்சைக் கேட்டு நானும் நம்பினேன்.

சாயங்காலமானால் மாமா சிற்றலை ரேடியோவைத் திருகி வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியை வைப்பார். சத்தமாகவே வைப்பார். வெளிநாட்டு நிலையத்தில் பர்மியச் செய்தி கேட்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்ட ராணுவ ஆட்சிக் காலம் அது. எங்கள் ரேடியோ மட்டும் மாடிப்படி வரைக்கும் கேட்கும். கீழ்வீட்டு பர்மிய அம்மா, “உங்க சாமி பாட்டா?” என்பாள். “ஆமா, சாமி பாட்டுதான்,” என்பாள் என் அம்மா. தமிழில் எதையும் கேட்கலாம், எதையும் பேசலாம், தெருவில் ஒருத்தருக்கும் புரியாது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. அதே விஷயத்தைப் பர்மியில் சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாயிரமாம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. யார் ஜெயித்தது என்பது ஃபுளோரிடா என்ற ஒரே மாநிலத்தின் எண்ணிக்கையில் வந்து மாட்டிக்கொண்டது. அங்கே சில இடங்களில் ஓட்டுச் சீட்டைக் குத்தித் துளை போட வேண்டுமாம். சில சீட்டுகளில் காகிதத் துணுக்கு முழுசாக விழாமல் ஒட்டிக்கொண்டு தொங்கியதாம். அதிகாரிகள் ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்து எண்ணினார்களாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் தொழிலை ஒரு பெரிய நாடே உட்கார்ந்து செய்வதுபோல அவருக்குப் பெருமை.

“அறுபது லட்சம் ஓட்டு மச்சான்! வித்தியாசம் சில நூறுதான். திரும்ப எண்ணித்தானே ஆகணும்?”

“உனக்கென்னடா அதுல?” என்பார் அப்பா. “உன் மூட்டையைப் போய் எண்ணு.”

“ஓட்டும் மூட்டைதான் மச்சான். எண்ணி முடிக்காம எப்படி லாரியை எடுக்கச் சொல்லுவான்?”

இது வாரக்கணக்காக ஓடியது. நான் பாடத்தை விட்டுவிட்டு ஃபுளோரிடாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்புக்கு ஒரு தலைவி வேண்டியிருந்தது. டீச்சரை நாங்கள் பர்மியில் சயாமா என்போம். வழக்கமாகச் சயாமாவே ஒருத்தியை நியமித்துவிடுவாள். அந்த முறை ஏனோ, “நீங்களே கை தூக்கிச் சொல்லுங்கள்,” என்றாள். வட்டாரத் தலைவருடைய மகள் நின்றாள். அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் தெருவில் விருந்தாளிகூட வீட்டில் தங்க முடியாது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் தள்ளிவிட்டதில் நானும் நின்றேன். அவளுக்கு இருபத்திரண்டு கை. எனக்கு இருபத்தேழு. நான் மாமாவைப்போல நாலு நேர், ஒரு குறுக்கு என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சயாமா தன் தாளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு வட்டாரத் தலைவர் மகளின் பெயரைச் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன்.

“சயாமா, எனக்கு இருபத்தேழு. மறுபடி எண்ணுங்க.”

“உட்காரு, கலாமா,” என்றாள் ஜெயித்ததாகச் சொல்லப்பட்டவள். இந்தியக்காரியை இளக்காரமாகக் கூப்பிடும் சொல் அது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன்.

“அமெரிக்காவுல ஃபுளோரிடான்னு ஒரு ஊர்ல வாரக்கணக்கா எண்ணறாங்க. ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து எண்ணறாங்க. நாங்க நாற்பத்தொன்பது பேர்தானே? நிறைய ஓட்டு வாங்கினவங்கதானே பதவியில உட்காரணும்?”

நல்ல பர்மியில், கணீரென்று சொன்னேன். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சயாமாவின் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா என்ற வெளிர்நிற மரச்சாந்துக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அத்தனை வெளுத்துவிட்டாள்.

“இதை யார் உனக்குச் சொன்னது?”

“மாமா. ரேடியோவுல கேட்டோம்.”

மறுநாள் அப்பாவைத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினாள். அப்பா அலுவலகச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து நின்றார். அவர் அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தது அவர்கள், குனிவது என் அப்பாவா? திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் நான் எல்லோர் முன்னாலும் நின்று, “தப்பாக எண்ணிவிட்டேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் படிக்கலாம். சொல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். விஷயம் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதாகவும் தலைமையாசிரியை சொன்னாள். ஏதோ தானம் கொடுப்பதுபோல.

வீட்டில் அம்மா ரேடியோவிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினாள். ரேடியோவைப் பழைய கைலியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்றார். எதைக் கண்டாலும் பயப்படும் இந்தச் சுபாவம் எனக்கு அந்த வாரம்தான் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று நாளாக யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிடு. ரெண்டு வார்த்தைதான்.”

“நான் தப்பா எண்ணலையே மாமா. வேணும்னா நோட்டைப் பாருங்க.”

“பார்த்தேன் கண்ணு. சரியாத்தான் போட்டிருக்கே.”

“அப்புறம் ஏன்?”

மாமா நோட்டை மூடி என் பைக்குள் வைத்தார். ஒரு மூட்டை இடித்தால் அடுக்கையே கலைக்கிற மனிதர், ஐந்து கைகளை விட்டுவிடு என்கிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சயாமா மேல் வந்ததைவிட அவர் மேல்தான் அதிகம் வந்தது.

திங்கட்கிழமை என்னை முன்னால் நிறுத்தினார்கள். அப்பா வாசலில் நின்றார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. வாயைத் திறந்தேன். “இருபத்தேழு” என்று வந்தது.

“என்ன?” என்றாள் தலைமையாசிரியை.

“இருபத்தேழு.”

அப்பா வந்து என் பையை எடுத்துக்கொண்டார். வழி நெடுக என் கையை விடவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் விடுகைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சயாமாவே மூன்று மாடி ஏறி வந்தாள். அப்பா வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய தாள் அது; அதை வைத்து என்னை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவருக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை. அவளை உட்காரவைத்து, அம்மா பால் கூடுதலாக ஊற்றி டீ கொடுத்தாள். எனக்கு அதுவே பொறுக்கவில்லை. கதவோரம் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஏதாவது சொல்லுவாள், ஒரு மன்னிப்பாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, மாமாவிடம் குரலை இறக்கிக் கேட்டாள்:

“அந்த ஊரில் எண்ணி முடித்தார்களா?”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைச் சாத்தினார்.

“இல்லைங்க சயாமா. பெரிய கோர்ட்டு நிறுத்தச் சொல்லிட்டதாம், துறைமுகத்துல கப்பல்காரங்க சொன்னாங்க. எண்ணினவரைக்கும் போதும்னு விட்டுட்டாங்க. ஐந்நூற்று முப்பத்தேழு ஓட்டு வித்தியாசம்.”

“எண்ணிக்கொண்டிருந்தவர்கள்? அவர்கள் என்ன செய்தார்கள்?”

மாமாவுக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. “என்ன செய்வாங்க? வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

“ஆமாம்,” என்றாள் சயாமா. “வீட்டுக்குத்தான் போக வேண்டும்.”

என் படிப்பைத் தின்றுவிட்டு, எங்கோ இருக்கிற ஊரில் சீட்டு எண்ணியவர்களுக்காக இவள் கவலைப்படுகிறாளா என்று எனக்குக் கொதித்தது.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். ஃபுளோரிடாவுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டிலும் ஒரு தேர்தல் நடந்தது. டீச்சர்களைத்தான் சாவடிகளில் எண்ண உட்காரவைத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் எண்ணியவர்களில் அந்தச் சயாமாவும் ஒருத்தி. எண்ணி முடித்து, வெளியே காத்திருந்த ஜனங்களுக்கு எண்ணிக்கையைக் கணீரென்று படித்துச் சொன்னவளே அவள்தான். ஜெயித்தவர்கள் யாரையும் ராணுவம் பதவியில் உட்காரவிடவில்லை. அவள் எண்ணியது தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அவளும் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினாள்.

இது தெரிந்த பிறகும் என் கோபம் போய்விடவில்லை. ஐந்து கைகள் ஐந்து கைகள்தான். ஆனால் முழுவதையும் அவள் தலையில் இறக்க இப்போது மனசு வருவதில்லை. மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கப்போன சயாமா திரும்பி நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். என்ன சொல்ல நினைத்தாளோ, நான் காதில் விழாதவள்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் போகிறவரைக்கும் அப்படியே நின்றேன், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.